புகை வராத அடுப்பு

ஆடி 12, திங்கள்.

என் வீட்டுக்காரர் தவறிப்போய் ஏழு மாதம். எங்கள் கடையில் கோழி சுடும் பீங்கான் அடுப்பின் மூடி இடுக்கில் அன்றிலிருந்தே புகை கசிந்தது. கடைக்கு வருகிறவர்கள் என் கலங்கிய கண்ணைப் பார்த்துக் கேட்டால், "பொகைப்பா" என்று சொல்லிவிடுவேன்.

நேற்று கொழுந்தன் குமார் வந்தான். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் மாட்டுகிற வேலை அவனுக்கு. மூடி விளிம்பை அடைக்கும் கேஸ்கட் பட்டை கருகியிருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினான்.

"பசை காயட்டும், நாளைக்குப் பத்த வைங்க அண்ணி. இனிமே பொகையே வராது."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

இன்று ஷிப்ட் முடிந்து கடைக்கு வந்தான். மூடி இறுகப் பொருந்தியிருந்தது. துளிப் புகை இல்லை. என் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. பார்த்தவன், மூடி விளிம்பை விரலால் தடவினான்.

"நான்தான் சரியா ஒட்டல போல கீது அண்ணி. பொகை கசியுது" என்று தன் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.