மேற்கே உன் பருத்திக்காடு

இன்று காலை மருமகள் மல்பெரி இலைக் கட்டை அவிழ்த்தாள். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் உன்னோடு பேசாமல் இருக்க முடியவில்லை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அதனாலென்ன, இருந்தபோது மட்டும் நான் பேசியதை நீ முழுதாகக் கேட்டாயா!

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நம் பக்கம் எங்கு திரும்பினாலும் பருத்திதான். அதில் ஓர் ஏக்கரை அழித்து, பட்டுப்புழு வளர்க்க நான் மல்பெரி நட்டேன். ஊரே சிரித்தது. பக்கத்துக் காட்டுக்காரி நீயும்தான்.

"ஏட்டி, புழுவக் கொல்ல நாங்க மருந்து வாங்குதோம். நீ காசு குடுத்துப் புழு வாங்குதியே!"

முதல் தடவை வளர்த்த புழுக்கள், கூடு கட்ட நாலு நாள் இருக்கையில், தலையைத் தூக்கி ஆட்டி, பச்சையாகக் கக்கி, தட்டோடு செத்தன. மேற்கே உன் பருத்திக்கு அடித்த மருந்தை வைகாசிக் கடைசியில் கிளம்பிய மேல்காற்று என் இலைமேல் கொண்டுவந்து போட்டிருந்தது. காற்றின் திசை பார்க்காமல் செடி நட்டது என் முட்டாள்தனம். ஆனாலும் வரப்பில் நின்று உன்னைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ வந்து செத்த புழுக்களைப் பார்த்தாய். திரும்பிப் போனாய்.

"இன்னொரு தடவ பாப்போம். அதுவும் போச்சுன்னா செடியப் பிடுங்கிட்டுப் பருத்தியே போட்ருவோம்" என்று என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஆடியில் அடுத்த புழுக்கள் கொழுத்து வந்த நேரம் பார்த்து உன் பருத்தியில் காய்ப்புழு விழுந்தது. என் புழுக்கள் கூடு கட்ட இன்னும் ஏழு நாள் வேண்டும். ஏழு நாள் மருந்தடிக்காமல் விட்டால் உனக்குக் காய் மிஞ்சாது. கேட்க வாய் வராமல் வரப்பில் நின்றேன்.

"எம்புட்டு நாளு?" என்று நீயே கேட்டாய்.

"ஏழு."

மறுநாள் விடிந்ததும் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் டப்பாவோடு இறங்கி, காய்ப்புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாய். இலை போட்ட நேரம் போக நானும் வந்து பொறுக்கினேன்.

"ஒம் புழு சோறு திங்க, எம் புழுவ நான் கையால பொறுக்கணுமாக்கும்!" என்று நீ திட்டாத நேரமில்லை.

ஐந்தாம் நாள் உன் வீட்டுக்காரர் பொறுமை இழந்து மருந்து டேங்கை முதுகில் ஏற்றினார். நீ அதன் மருந்து பீய்ச்சும் நாசிலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாளு. பொறவு தாரேன்" என்றாய்.

எட்டாம் நாள் என் புழுக்கள் கூடு கட்டின. தட்டியெல்லாம் மஞ்சள் மஞ்சளாய்ப் பட்டுக்கூடு! உன் காய்களும் பெரும்பகுதி தப்பின. இருவருமாகக் கூடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோனோம். வியாபாரி ஒன்றைக் காதருகே குலுக்கிப் பார்த்து, "அருமையான கூடும்மா. யாரு வளத்தது?" என்றார்.

"நாங்க ரெண்டு பேரும்" என்றேன்.

"நான் எங்க வளத்தேன்? அம்புட்டயும் கொன்னவ நான்" என்றாய் நீ. மனுசன் மிரண்டுபோனார். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் சிரித்தோம்.

அடுத்த வருடம் நீயும் மல்பெரி நட்டாய். தொண்ணூறுகளின் நடுவில் நம் வரிசையில் பருத்தியை மட்டும் நம்பிய காடு ஒன்றுகூட இல்லை. ஜெயித்தோம், ஏட்டி!

இப்போதும் புதிதாகப் புழு வளர்க்க வருகிறவர்கள் மண்ணைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். முதலில் மேற்கே யார் காடு என்று பார், அவர்களிடம் போய்க் கேள் என்கிறேன். "கேட்டு அவிய சம்மதிக்கலன்னா?" என்றாள் போன வாரம் ஒருத்தி. எனக்குக் கேட்க வேண்டியே வரவில்லையே. நான் வாய் திறக்கும் முன்பே நீ கேட்டுவிட்டாய் அல்லவா.