ஏழு குழி, ஆறு சத்தம்

பிரமாதி, சித்திரை 12
வெயில் அனல். துளைக் கம்பிகளைத் தீட்டினேன். என் பெண்சாதி பாவாயி போய் இருபது நாள். மாமனார் கிணற்றில் இன்று எட்டடி தண்ணீர். எடப்பாடிப் பக்கமிருந்து ரெண்டு வண்டி ஜனம். மஞ்சள், சூடம், தேங்காய். ஒரு பெரியவர் என் காலைத் தொட வந்தார்.
"கங்கையக் கூப்பிட உசுரக் குடுத்த மகராசியோட ஊட்டுக்காரருங்களா நீங்க?"
தலையாட்டினேன்.

சித். 13
நடந்தது, இங்கே மட்டும். கிணற்றுப் பாறையில் ஏழு குழி. வெடிமருந்து கெட்டித்துத் திரி வைத்து மேலே ஏறினேன். ஆறு சத்தம். ரெண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று முடிவு செய்தேன். சந்தேகம் வந்தால் அரை மணி பொறு என்று வெடி லைசென்ஸ் பரீட்சையில் எழுதியவன். மாமனார் பக்கத்தில்தான் நின்றார்.
"எறங்கட்டுங்களா?" என்றாள் பாவாயி.
"ம்."
கடப்பாறையோடு அவள்தான் முதலில். ஏழாவது வெடித்தது. ஊற்று திறந்ததும் அதில்தான்.

சித். 15
வயிறு சரியில்லை. மோர் மட்டும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய இங்கிலீஷ் அகராதியில் 'ஃபேம்' பார்த்தேன். லத்தீன் மூலம். பேச்சு, வதந்தி. புகழ் என்பதெல்லாம் அதற்கப்புறம்.
முதல் வாரப் பேச்சு: வெடியில் செத்தாள்.
போன வாரம்: தெரிந்தேதான் இறங்கினாள்.
இன்று: சிரித்துக்கொண்டே இறங்கினாள்.
சோப்பு வாங்கணும்.

சித். 17
பரமத்தி வேலூரிலிருந்து ஒரு வெற்றிலைத் தோட்டக்காரர், கிணறு ஆழப்படுத்த.
"உங்க கைராசியப் பத்தித்தானுங்க ஊரெல்லாம் பேச்சு. வேணுமுன்னா என்ர மருமவள எறக்கட்டுங்களா?"
கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

சித். 18
கிணற்றடியில் அவளுக்கு நடும் கல் தயார். 'கங்கையம்மா' என்று வெட்டியிருக்கிறது. பாவாயி என்ற பேர் எங்கே என்றேன்.
"அந்தப் பேரு யாருக்குங்க தெரியும்?" என்றார் மாமனார்.
சொல்லிவிட்டேன். ஏழு குழி மாமா, கேட்டது ஆறு சத்தம்தான்.
வெற்றிலையை மென்று முடித்தார். துப்பினார்.
"தெரியுமுங்க மாப்ள. நானுந்தான் எண்ணுனேன். ஆறு. அன்னிக்கு நாஞ் சொல்லல. இனி நீங்களுஞ் சொல்லாதீங்க. நாளைக்குக் கல்லு நட பாறையில ஒரு குழி போட்டுக் குடுங்க."

சித். 19
மேகம். மழை இல்லை. குழி போட்டேன், சுத்தியலால், மருந்தில்லாமல். ஓரடி ஆழம். கல் அசையாமல் நின்றது. ஒருத்தி கைக்குழந்தையை என் மடியில் போட்டுப் பேர் வைக்கச் சொன்னாள்.
பாவாயி என்றேன்.
முகத்தைச் சுளித்தாள். "சாமி பேரா ஒண்ணு சொல்லுங்க."