அக்காவுக்கு ஒரு இளநீர்

ஜூலை 8, செவ்வாய்
காற்று. கல்வராயன் மலைப்பக்கம் மேகம், இங்கே ஒரு சொட்டு இல்லை. ஏழு மணி பஸ்ஸில் வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி பல் கிளினிக்குக்கு, அக்காவோடு. அவளுடைய மேல் முன்பல்லைப் பிடுங்கி, எலும்புக்குள் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். எலும்பு வளர அவள் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றவிட்டார்கள். மஞ்சளாக ஜவ்வு மாதிரி வந்தது. அதைக் குழியில் வைத்துத் தையல். நரம்பு கிடைக்காமல் கையில் மூன்று குத்து. மூன்றாவதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

டாக்டரம்மா என்னிடம்: துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஸ்ட்ரா கூடவே கூடாது. ஜவ்வு கழன்றுவிடும். "அவங்க பயந்துபோயி இருக்காங்க, ஒண்ணும் மண்டையில ஏறாது. நீங்கதான் பாத்துக்கணும்."

ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். அதற்குள் ஆறினால்தான் அங்கே பல் மாட்ட முடியும். ஓட்டை வாயோடு மேடையில் நிற்க மாட்டாளாம்.

ஜூலை 9, புதன்
ரவை, பஞ்சு, வாழைப்பழம் வாங்க. தலையணை உறை துவைக்க.

அக்கா நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால். "எம்மாம் அசிங்கமா இருக்குது பாருடி." எனக்குப் பல் தூக்கல். பத்தொன்பது வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், "சிரிக்காதடி, தேங்கா துருவி" என்றவள் இவள். எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையும். அப்புறம் யாரும் வரவில்லை. இப்போது எனக்கு நாற்பத்து மூன்று.

ஜூலை 10, வியாழன்
வெயில். தொண்டை வறளுது என்றாள். இளநீர் வாங்கினேன். கடைக்காரர் ஸ்ட்ரா போட்டே கொடுத்தார். வழியில் எடுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். கன்னம் குழிய, அடிவரை உறிஞ்சினாள். இனிப்பா இருக்குதுடி என்றாள். நன்றாக வலிக்கட்டும்.

ஜூலை 12, சனி
நேற்றிலிருந்து வலி, காது வரைக்கும். வாயில் நாற்றம். அழுகை. மறுபடி கிளினிக். தையல் விட்டு, குழி காலி.

"எலும்பு தெரியுது. எதையாச்சும் உறிஞ்சினீங்களா?" டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

அக்கா முந்திக்கொண்டாள். "அவ வேணாம்னுதாங்க சொன்னா. நான்தான் கேக்காம குடிச்சிட்டேன்."

வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

சுத்தம் செய்து, மறுபடி ரத்தம் எடுத்து ஜவ்வு வைக்க வேண்டுமாம். நர்ஸ் ஊசி எடுக்கப் போனதும் அக்கா மெல்ல, "அன்னிக்கி டாக்டரம்மா உன்னாண்ட சொன்னது என் காதுலயும் வுழுந்துச்சி. நடுவுல நீயே ஸ்ட்ராவப் புடுங்கிடுவேன்னு பாத்துக்கினேதான் உறிஞ்சிக்கினே இருந்தேன்" என்றாள்.

நாலு இடத்தில் குத்தினார்கள். நான்தான் கையைப் பிடித்திருந்தேன். ஊசியைப் பார்க்க முடியவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்து, பல் இல்லாத அந்த இடம் தெரியச் சிரித்தாள்.