வருகைப் பதிவேட்டின் முதல் பெயர்

என் அத்தைக்கு, மழை நனைக்காத எந்த இடத்தில் இருக்கிறீர்களோ அங்கே,

சாரல் இந்த வருடம் ஆனியிலேயே தொடங்கிவிட்டது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் அதே சத்திரம். அதே மூன்று நாள். நீங்கள் இல்லாமல் நடக்கிற முதல் முகாம்.

பச்சை அட்டை போட்ட பதிவேடு என் மடியில் இருக்கிறது. ஓரங்கள் ஈரத்தில் ஊதிப்போய்விட்டன. உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது. முதல் வரியில் அந்தப் பெயர்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் தென்காசியில் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறிக் கிராமங்களுக்குப் போவீர்கள். படிப்பை விட்டுவிட்டுப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்களின் நடுவே உட்காருவீர்கள். மணியார்டர் பாரம் நிரப்ப, பஸ் போர்டு படிக்க, ஆபீசில் போய் நின்று வாயைப் பொத்தாமல் பேசக் கற்றுக்கொடுத்தீர்கள். இருபத்தைந்து வருடம். ஒவ்வொரு ஆடியிலும் குற்றாலத்தில் முகாம் வைக்கத் தொடங்கியது பிற்பாடு.

முகாமில் எல்லாம் வருகைப் பதிவில்தான் ஆரம்பிக்கும். இனிஷியலோடு முழுப்பெயர். வீட்டில் ‘ஏட்டி’ என்று மட்டுமே கூப்பிடப்பட்டவர்கள் எழுந்து நின்று ‘உள்ளேன்’ என்று சொல்ல வேண்டும். ஒருத்தி சிணுங்கினாள்.

“இனிசியலோட கூப்பிட்டா போலீஸ் ஸ்டேசன்ல கூப்பிடுத மாதிரி இருக்கு டீச்சர்.”

“அங்கன கூப்பிட்டாலும் இப்படியே எந்திச்சு நில்லு” என்றீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

அந்த முதல் பெயர் யாருடையது என்று மட்டும் எனக்கு வெகுகாலம் தெரியாது.

பாளையங்கோட்டையில் கல்லூரி முதல் வருடம். உங்களுக்கு உதவியாக வந்திருந்தேன். “மா. இசக்கியம்மாள்” என்று கூப்பிட்டீர்கள். பதில் இல்லை. எவளோ இன்னும் தூங்குகிறாள் என்று நினைத்தேன். வராத தோழிக்காக வகுப்பில் குரல் கொடுப்பது எங்களுக்குப் பழக்கம். பின்வரிசையிலிருந்து குரலை மாற்றி, “உள்ளேன் டீச்சர்” என்றேன்.

நீங்கள் நிமிர்ந்தீர்கள். அந்த முகத்தை எப்படி எழுதுவது? ஒரு கணம் அதில் சந்தோஷம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் விடவில்லை.

பிறகு பேனாவை மூடினீர்கள். எல்லாரையும் சாப்பிடப் போகச் சொன்னீர்கள். மத்தியானம் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னீர்கள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எழுபதுகளின் தொடக்கம். முதல் முகாம். அருவியில் குளித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. விசில் சத்தம். எல்லாரும் ஓடினார்கள். சத்திரத்துக்கு வந்ததும் பெயர் கூப்பிட்டீர்கள். மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது. தலை குனிந்திருந்தது. இசக்கி உள்ளே உடை மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து யாரோ ஒருத்தி அவளுக்காக ‘உள்ளேன்’ என்றாள். வந்துவிட்டதாக நீங்கள் கோடு போட்டீர்கள்.

ஆளுக்கொன்றாகத் துண்டு வாங்கி வைத்திருந்தீர்கள். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு துண்டு யாரும் எடுக்காமல் கிடந்தது.

மறுநாள் வெகுதூரம் கீழே, சிற்றாற்றில் கிடைத்தாள். பதினேழு வயது.

முன்னாலேயே தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று போலீஸ்காரர் சொன்னாராம். குரல் கொடுத்தது யார் என்று நீங்கள் எவரையும் கேட்கவில்லை. கோடு போட்டது நான்தானே, என்றீர்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு முகாமிலும் அவள் பெயர்தான் முதலில். கூப்பிடுவீர்கள். நிமிர்ந்து பார்ப்பீர்கள். காத்திருப்பீர்கள். கோடு போடாமல் அடுத்த பெயருக்குப் போவீர்கள். துண்டும் எப்போதும் ஒன்று அதிகமாக வாங்குவீர்கள்.

பங்குனியில், ஆஸ்பத்திரியில், பேச்சு குழறத் தொடங்கிய பிறகு என்னிடம் சொன்னது ஒன்றுதான். “மொதப் பேர விட்டுராத.” தலையாட்டினேன். வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அது வாக்குதானே?

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன்.

சத்திரத்து வாசலில் ஒரு அம்மா நனைந்தபடி நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பாவூர்சத்திரம் சந்தையில் வெங்காயம் தரம் பிரிக்கிறவள். பெயர் வேலம்மாள் என்றாள். இசக்கியின் அம்மா. கூட வந்தது இளைய மகள் பொன்னுத்தாய். அக்கா போனபோது இவளுக்கு நாலு வயது.

“நீ டீச்சருக்கு அண்ணன் மவதானே? இவளச் சேத்துக்கோ. பீடி சுத்தியே கெடக்க வேண்டாம். ஆனா ஒண்ணு தாயி. மூத்தவ பேரக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா இவள இப்பமே கூட்டிட்டுப் போயிருவேன்.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நினைவு, மரியாதை என்று. கல்லூரியில் படித்த வார்த்தைகள். அவள் கையை அசைத்து நிறுத்தினாள்.

“ஒங்களுக்கு அது நெனப்பு. எனக்கு அப்படியில்ல. டீச்சர் இங்கன பேரு கூப்பிடுதாவ, அங்கன அவ வாசல்ல வந்து நிக்கா. நனைஞ்சுபோயி நிக்கா. தல தொவட்டத் துண்டு கேக்கா. கூப்பிட்டா வராம என்ன செய்வா?”

“அத்தைகிட்ட இதச் சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டு தரம். தல குனிஞ்ச மேனிக்கே கேட்டுக்கிட்டாவ. அடுத்த ஆடிக்கும் கூப்பிட்டாவ.”

இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. வெள்ளத்தைச் சொன்னீர்கள். கோட்டைச் சொன்னீர்கள். இதை மறைத்துவிட்டீர்கள். ஏன், அத்தை?

துண்டைப் பற்றி வேலம்மாளிடம் யார் சொன்னது? நீங்களா? யாருமே சொல்லவில்லை என்றால்?

நீங்கள் கூப்பிட்டது உங்களையே தண்டித்துக்கொள்ளத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தண்டனை உங்களுக்கு. நனைந்து நின்றது இசக்கி.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மடியில் பீடி இலை இல்லை, தூள் இல்லை. விரல்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன. வேலம்மாள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளின் பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். முதல் வரி. ‘மா’ என்று தொடங்க என் உதடுகள் தாமாகவே சேர்ந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்திருந்த உங்கள் கையின் சூடு. அதுவும் அப்போது வந்தது.

நிமிர்ந்தேன். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது பெயரைப் படித்தேன்.

கடைசியில், அப்போதுதான் பென்சிலால் சேர்த்த பெயர். “மா. பொன்னுத்தாய்.” அதே இனிஷியல். “உள்ளேன்” என்று குரல் வந்தது. உடனே கோடு போடவில்லை. தேடினேன். மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். ஈரத் தலை. கண்ணில் பயம், கொஞ்சம் திமிர். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டேன்.

வேலம்மாள் பையை உள்ளே வைத்தாள்.

உங்கள் பழக்கத்தில் நானும் ஒரு துண்டு அதிகமாகத்தான் வாங்கியிருந்தேன். அது பொன்னுத்தாய்க்கு என்று நீட்டினேன். வேலம்மாள் வாங்கி மோந்து பார்த்தாள். “கஞ்சி வாடை போவலியே” என்றாள். முதலில் தன் தலையைத் துவட்டிக்கொண்டாள். அப்புறம் மகளிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வாக்கை மீறிவிட்டேன். கோபமா?

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. பங்குனியிலிருந்து உங்களுக்கு எத்தனை கடிதம் எழுதிவிட்டேன். எல்லாம் ‘அத்தை’ என்றுதான் தொடங்குகிறது. அதுவும் கூப்பிடுவதுதானே? நான் எழுதும்போதெல்லாம் நீங்களும் எங்கேயோ ஒரு வாசலில் வந்து நிற்கிறீர்களா? பதில் சொல்ல முடியாமல், நனைந்த கண்ணாடியோடு?

இப்போதுகூட என் முதுகுக்குப் பின்னால் சத்திரத்து நடையில் ஈரக் காலடி கேட்கிறது. பெண்களில் ஒருத்தியாக இருக்கும். நான் திரும்பவில்லை.

இனிவரும் ஆடிகளிலும் இந்தச் சத்திரத்தைத் திறப்பேன். இனிஷியலோடு கூப்பிடுவேன். ஆளைப் பார்க்காமல் ஒரு கோடுகூடப் போட மாட்டேன். உங்களை மட்டும் இனிமேல் கூப்பிட மாட்டேன், அத்தை. தலையைத் துவட்டிக்கொண்டு போங்கள்.

குற்றாலம், ஆடி மாதம்
உங்கள் அண்ணன் மகள்