கிண்ணியாவில் கரைந்த ஐஸ்

சித்திரை 1, இரவு.

வருடப்பிறப்பென்று கடை, கந்தோர் எல்லாம் பூட்டு. வெயிலோ கொளுத்தியது. கூரைச் சோலார்களில் இருந்து வரும் மின்சாரத்தைப் பாவிக்க ஆளில்லை. பாவனையை விட மின்சாரம் மிஞ்சினால் கட்டமைப்பே விழுந்து நாடு முழுக்க இருட்டாகிவிடும். சோலார் வைத்திருப்பவர்களை அழைத்துப் பின்னேரம் வரை அதை நிறுத்தச் சொல்வதுதான் இன்றைக்கு மின்சாரக் கந்தோரில் என் வேலை.

முதலில் கிண்ணியாவில் ஐஸ் ஆலை வைத்திருக்கும் காசிம் நானாவை அழைத்தேன். "இப்பவே நிப்பாட்டுறன் மிஸ்" என்றார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு பார்த்தால் கிண்ணியாப் பக்கம் மின்பாவனையும் குறைந்திருந்தது. திரும்ப அழைத்தேன்.

"எல்லாம் நிப்பாட்டிட்டன் மிஸ். சோலார், ஐஸ் மெசின், ஃபேன், எல்லாம். பக்கத்து ஊட்டு ஆக்களுக்கும் சொல்லிட்டன்."

"ஐயோ நானா, மெசினைப் போடுங்கோ! இண்டைக்குக் கரண்டைக் கூடுதலாப் பாவிச்சாத்தான் நல்லம்."



"கரண்ட் கந்தோரால கதைச்சா எல்லாத்தையும் நிப்பாட்டத்தானே எங்களப் பழக்கி வெச்சிருக்கீங்க?"

பாதி உறைந்திருந்த ஐஸ் கரைந்துவிட்டது. அதை நம்பியிருந்த தோணிகள் இன்று கடலுக்குப் போகவில்லை.

பொழுதுபட்டதும் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. வழக்கம்போல நிலக்கரியும் டீசலும்தான். பகல் வெயிலை இரவுக்குப் பிடித்து வைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

நானா செய்தி அனுப்பியிருக்கிறார்: "நாளைக்கும் வெயில்தான். என்ன செய்ய எண்டு வெள்ளனச் சொல்லுங்க மிஸ்."

நித்திரை வரவில்லை. கிண்ணியாப் பக்கத்தில் வெயிலை ஐஸாக்கிச் சேர்த்து வைத்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் முதலில் நிறுத்தச் சொல்லி அழைத்திருக்கிறேன்.