கயலுக்காகப் பூக் கேட்டது

துடியலூர், 12.6.94

கயல் அப்பாவுக்கு வணக்கமுங்க.

இங்க பையனூட்டுல பூக் கேட்டப்ப நானும், மருமக கோகிலாவும், தொட்டில்ல பேத்தியும், படத்துல மாரியாத்தாளும்தான் இருந்தோம். எல்லாரும் சுகம். உங்க முட்டிவலி தேவலைங்களா?

காலேஜுல தத்துவம் படிச்சா நம்ம பொண்ணு கயலுக்குப் பக்தி போயிரும்னு பயந்துதானே பூக் கேக்கச் சொன்னீங்க? ஆத்தா முன்னால ரெண்டு பூப்பொட்டணம் வெச்சு, வெள்ளை வந்தா சேக்கலாம், சிவப்பு வந்தா வேண்டாம்னு வேண்டிக்கிட்டேன். கோகிலா எடுத்த பொட்டணத்துல வெள்ளை வந்துச்சு. அவ சும்மா இருக்காம மத்ததையும் பிரிச்சுப்போட்டா.

"ஏனுங்கத்தை, இதுலயும் வெள்ளைதானுங்க!"

உங்ககிட்ட மறைக்கலீங்க. ரெண்டு நாள் யோசிச்சு, சேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் பொட்டணம் மடிச்சேன். யோசிக்கற புத்தியும் ஆத்தா குடுத்ததுதானுங்களே? கேள்வி கேட்டாக் கோவிச்சுக்கற சாமியா அது?

யாராச்சும் வந்தா தலைக்குத் தேய்க்க நம்மூட்டு அரப்புத்தூள் கொஞ்சம் குடுத்தனுப்புங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள காலேஜுக்குச் சொல்லோணும். சேக்கட்டுங்களா? சீக்கிரம் பதில் போடுங்க.

பழனாத்தாள்