மாட்டேன் என்று எழுதியிருக்கலாம்

ஜூன் 9, திங்கள்

தில்லை நகர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நான் எடுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஒன்பது பேர்.

தங்கைக்கு இன்று டயாலிசிஸ். முடிந்து வந்ததும் சோறு வேண்டாமென்று சுருண்டு படுத்துவிட்டாளாம், மாப்பிள்ளை போனில் சொன்னார். அவளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இன்னும் ரெண்டே மாசம், பல்லைக் கடிச்சுக்கோ வள்ளி என்றேன். அண்ணனுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. அவன் கிட்னி பொருந்துகிறது. ஆபரேஷன் தேதிதான் பாக்கி.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் குடும்ப வாட்ஸ்அப்பில் அண்ணன் போட்டது, எழுத்துப் பிசகாமல்: "ஆஃப்டர் மச் தாட், ஐ ஹேவ் டிசைடட் டு ஸ்டெப் பேக் ஃப்ரம் தி டொனேஷன்."

ஸ்டெப் பேக்காம்! லேத் பட்டறை வைத்திருக்கும் சுரேஷ்குமார், ஓகேவுக்கு மேல் இங்கிலீஷில் எழுதிப் பார்த்ததே இல்லை. கூடப் பிறந்தவளுக்குக் கிட்னி தர மாட்டேன் என்று சொல்ல மட்டும் இங்கிலீஷ் வந்துவிட்டதா? தமிழில் எழுதினால் 'மாட்டேன்' என்று எழுத வேண்டியிருக்கும். அதற்கு மூஞ்சி இல்லை.

மாசி மாசம் சமயபுரத்தில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினானே, யார் கேட்டது? "நான் இருக்கும்போது பொம்பளப் புள்ளைங்க உடம்புல எதுக்குங்க கத்தி வைக்கணும்" என்று டாக்டரிடமே சவடால். எனக்கும் வள்ளியின் ரத்த வகைதான். அந்தப் பேச்சில் என்னை யாரும் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலு மாசம் அநியாயமாப் போச்சு.

வள்ளி அதற்குக் கீழே கும்பிடும் கை போட்டிருக்கிறாள். பைத்தியக்காரி.

ஜூன் 11, புதன்

ஆறு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அண்ணியும் எடுக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்று பாடத்தை நானே மாற்றினேன். ஒத்துக்கொண்ட விஷயத்திலிருந்து விலக என்னவெல்லாம் சொல்லலாம்? பேக் அவுட், புல் அவுட், ஆப்ட் அவுட், கால் இட் ஆஃப், ஸ்டெப் பேக். பலகை நிறைந்துவிட்டது. இத்தனை சொற்களிலும் போகிறவன்தான் இருக்கிறான். நம்பி உட்கார்ந்திருந்தவள் ஒன்றில்கூட இல்லை.

மண்டியில் கணக்கு எழுதும் அஜித் கேட்டான்: "மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லாம சொல்றதுக்கு இதுல எதுங்க மேடம் நல்லது?"

ஸ்டெப் பேக், சொல்றவனுக்கு வலிக்கவே வலிக்காது என்றேன். அதை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பத்து நிமிஷம் முன்னதாகவே வகுப்பை முடித்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

சாமி படத்துக்கு முன் நானும் சூடம் அடித்தேன். இனி அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். உள்ளங்கை நன்றாகச் சுட்டது. சுடட்டும்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் என் பெயரைக் கொடுத்தேன். எனக்கென்ன, புருஷனா பிள்ளையா, யாரைக் கேட்க வேண்டும்? வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, "அண்ணனைத் திட்டாதக்கா, பாவம்" என்கிறாள். பாவமா? யாருடி பாவம்?

ஜூலை 8, செவ்வாய்

பொருந்துகிறது. மாப்பிள்ளை, சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் போன் போட்டு, என்னை வாழ்த்தச் சொன்னார். நான் ஒவ்வொருவரிடமும் அண்ணன் கதையையும் சேர்த்தே சொன்னேன். தெரியட்டுமே.

ஜூலை 24, வியாழன்

டாக்டர் ஆபிதா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வேண்டாம்னா இப்பவே சொல்லலாம்ங்க. கடைசி நிமிஷத்துல கூட சொல்லலாம். வீட்ல சொல்லச் சங்கடமா இருந்தா, மறு டெஸ்ட்ல ஒத்துவரலன்னு நாங்களே சொல்லிடுவோம். காரணம் யாருக்கும் தெரியாது. கிட்னி கொடுக்க வர்ற எல்லார்கிட்டயும் இதைச் சொல்வோம்."

சட்டென்று பதில் சொல்லியிருக்க வேண்டும். ஊரெல்லாம் தியாகியாகத் திரிந்தேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாத்திய கதவையே பார்த்தேன். செத்துட்டேன்னா? யாருக்கும் தெரியாதாமே! டாக்டர் தண்ணீர் எடுத்துத் தந்தார். குடித்து முடித்துத்தான் சம்மதம் என்றேன்.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. எல்லாரிடமும் சொல்வார்கள் என்றால் அண்ணனிடமும் சொல்லியிருப்பார்கள். மறு டெஸ்டில் ஒத்துவரவில்லை என்று ஆஸ்பத்திரியே சொல்லியிருக்கும். நாங்களே அவனுக்கு ஆறுதல் சொல்லியிருப்போம். அதை விட்டுவிட்டு ஏன் என்னிடம் திட்டு வாங்கினான்?

ஜூலை 27, ஞாயிறு

மன்னார்புரம், அண்ணன் வீட்டுக்குப் போனேன். தெருவிலேயே நின்று கேட்டுவிட்டு வரலாமென்றுதான் போனேன். எதிர்வீட்டு அம்மா கோலத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். வேறு வழியில்லாமல் உள்ளே போனேன். சத்தியம் செய்து முழுசாக நாற்பது நாள் ஆகவில்லை. அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அண்ணன் பாதியாகிவிட்டான். நேராகக் கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"டெஸ்ட் வரைக்கும் தைரியமாத்தான்மா இருந்தேன். தேதின்னதும் பயம் வந்துடுச்சு. ஒத்துவரலன்னு பொய் சொன்னா, நம்ம வீட்ல யார்தும் ஒத்துவராது போலன்னு வள்ளி விட்டுருவா. உன்னையும் கேக்க மாட்டா. அதான் உண்மையைச் சொன்னேன். தமிழ்ல சொல்ல வாய் வரல. அறிவுமதிகிட்ட சொல்லி இங்கிலீஷ்ல எழுதி வாங்கினேன்."

அறிவுமதி அவன் மகள், காலேஜ் முதல் வருஷம். அப்பன் மானத்தைக் காப்பாற்ற நல்ல இங்கிலீஷ் தேடியிருக்கிறது குழந்தை. எனக்கு இன்னும் கோபம் ஏறியது. பெத்த பிள்ளையிடம் சொல்ல முடிந்ததை எங்களிடம் சொல்ல முடியாதா? அரை மணி நேரம் திட்டினேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறுவதற்குள் குடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அட்மிட் ஆகிவிட்டோம். நாளை காலை ஏழு மணிக்கு. வள்ளி பக்கத்து அறையில் இருக்கிறாள்.

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, இதில்தான் எழுதுகிறேன். அவன் மேல் கோபமும் முழுசாகத் தீரவில்லை. மதியத்திலிருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். சாப்பிடப் போ என்றால் நகர மாட்டேன் என்கிறான்.

நர்ஸ் ஒரு படிவம் தந்தாள். ஆபரேஷன் நடக்கும்போது எனக்காக வெளியே இருக்கப் போகிறவர் யார், அவசரம் என்றால் யாருடைய கையெழுத்து வாங்குவது என்று கேட்டாள். வாங்கி நானே நிரப்பிக் கொடுத்தேன். சுரேஷ்குமார், அண்ணன்.